பால் கேனுக்குக் கிராம்பு எண்ணெய் தடவலாமா?

கேள்வி: நாலு மாடு வைத்திருக்கிறேன். காலையில் கறக்கும் பாலைப் பாறசாலை டீக்கடைகளுக்கு அனுப்புகிறேன். ஸ்டீல் கேனை சோப்புப் போட்டுத்தான் தேய்க்கிறேன். ஆனாலும் மூடிப் பக்கம் வழுவழுப்பு போகவில்லை. வாரத்தில் ஒரு நாளாவது பால் திரிந்துவிடுகிறது. அண்ணனுக்கு மாறாமலையில் கிராம்புத் தோட்டம் இருக்கிறது. கிராம்பு எண்ணெய் தடவினால் கிருமி ஒட்டாதாமே?
- வாசகி, குலசேகரம்

பதில்: கேள்விப்பட்டது பொய்யில்லை, அம்மா. கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால் என்ற வேதிப்பொருள்தான். அது கிருமியின் மேலுறையைச் சிதைக்கும். சுத்தமான ஸ்டீலில் பூசினால் கிருமி ஒட்டுவது குறைவதையும் ஆய்வுக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள். கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடும் உண்டு, உங்கள் அண்ணன் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

ஆனால் உங்கள் கேன் சுத்தமான ஸ்டீல் இல்லையே! அந்த வழுவழுப்பு, கிருமிகள் தாங்களே சுரந்து கட்டிக்கொண்ட பசை வீடு. ஒட்டிய சில மணி நேரத்திலேயே கட்டத் தொடங்கிவிடும். உள்ளே இருப்பவற்றை மருந்து எட்டுவது கஷ்டம். எண்ணெயோ தண்ணீரில் சரியாகக் கரையாது, மேலோடு வழுக்கிப் போய்விடும்.

நானும் இதில் அடிபட்டவன்தான். பால் பண்ணை ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த புதிதில், பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டு ஒரு கேனில் கிராம்பு எண்ணெய் தடவினேன். மறுநாள் அந்தப் பாலில் போட்ட டீ பல் டாக்டர் அறை மாதிரி மணத்தது. மேலதிகாரி குடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை; டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

என் சந்தேகமெல்லாம் மூடியிலுள்ள ரப்பர் வளையத்தின் மேல்தான். அதைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? மூக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு பாருங்கள். எண்ணெய் அந்த ரப்பரையும் ஊதி இளக வைக்கும் என்பது வேறு விஷயம்.

பால் ஊற்றி முடித்த கையோடு வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். எடுத்ததுமே கொதிநீர் விட்டால் பால் புரதம் இறுகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சூடான சலவைச் சோடாத் தண்ணீரில், கையுறை போட்டுக்கொண்டு, நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். கம்பி நார் வேண்டாம். அது போடும் கீறல்தான் கிருமிக்கு முதல் திண்ணை. வெள்ளைப் படிவு தெரிந்தால் வினிகர் போதும். நன்றாக அலசி, கடைசியில் கொதிநீர் ஊற்றி, கேனை வெயிலில் கவிழ்த்துக் காய விடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் இத்தனை பாடும் வீண். வளையம் வெடித்திருந்தால் உடனே மாற்றிவிடுங்கள், அந்த வெடிப்புக்குள் எந்தப் பிரஷ்ஷும் போகாது.