பண்ருட்டி முந்திரித் தோப்பு: கையெழுத்துப் போடாதீர்கள்

அக்கா, அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய முந்திரித் தோப்பு, உயில் எழுதாமல் இறந்துவிட்டார், அம்மாவும் இரண்டு அண்ணன்களும் இருக்கிறார்கள், "உனக்குத்தான் நகை போட்டுச் சீர் செய்தாச்சே" என்று பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் ஒன்று: எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பதிவான விடுதலைப் பத்திரத்தை ரத்து செய்ய வருடக்கணக்கில் நீதிமன்றம் அலைய வேண்டியிருக்கும்.

உங்களுக்கு 2001இல் கல்யாணம் ஆனதால் பங்கு இல்லை என்பது தவறு. அப்பா சுயமாக வாங்கிய சொத்துக்கு 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமே போதும். அப்பாவைப் பெற்ற பாட்டியும் இல்லை என்கிறீர்கள், ஆகவே நான்கு பேருக்கும் சமமாகக் கால் பங்கு. போட்ட நகை அதைக் குறைக்காது. தாத்தா வழி வந்த நிலமாக இருந்தால்தான் அதில் மகளுக்கும் பங்கு தந்த 1989 தமிழ்நாட்டுத் திருத்தம், 2005 மத்தியத் திருத்தம் எல்லாம் பார்க்க வேண்டும். அதிலும் மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சரி, இப்போது நிலத்தின் மேல் என்னென்ன பத்திரங்கள் பதிவாகியிருக்கின்றன என்று காட்டும் வில்லங்கச் சான்று எடுங்கள். வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயர் விடுபடாமல் பாருங்கள். உங்களைக் கேட்காமல் பட்டா மாற்றக் கூடாது என்று வட்டாட்சியருக்குப் பதிவுத் தபாலில் ஆட்சேபம் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கடலூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், அல்லது 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அண்ணன்களோடு சமரசம் பேசவும் அவர்களே ஏற்பாடு செய்வார்கள். பங்கை வாங்கிய பிறகு அண்ணன்களுக்கே கொடுக்கத் தோன்றினால், அது உங்கள் விருப்பம்.