கர்னலுக்கும் சி லைப்ரரிக்கும் நேரத்தின் அளவு ஒத்துப்போகாதபோது: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 32 பிட் ஆர்ம் போர்டில் லினக்ஸ் கர்னலை 5.10-க்கு ஏற்றிவிட்டோம். 32 பிட் நேர எண் 2038-இல் நிரம்பிவிடும் என்கிறார்களே, அது பற்றி இனிக் கவலை இல்லைதானே?

பதில்: பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. 64 பிட் நேரத்துக்கான சிஸ்டம் கால்கள், அதாவது புரோகிராம் கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகள், 5.1-லேயே வந்துவிட்டன. ஆனால் உங்கள் புரோகிராம் சி லைப்ரரி வழியாகத்தான் கர்னலிடம் போகிறது. அங்கே டைம்_டி, அதாவது நேரத்தை நொடிக் கணக்கில் வைக்கும் டேட்டா டைப், 32 பிட்டாக இருந்தால், 2038 ஜனவரி 19 அன்று உலக நேரம் 03:14:07-க்கு அடுத்த நொடி 1901 டிசம்பர் 13 ஆகிவிடும். மஸ்ல் என்ற சி லைப்ரரியில் 1.2.0 முதல் டைம்_டி எப்போதும் 64 பிட்தான். இன்னொரு சி லைப்ரரியான கிளிப்சியில் 2.34 முதல் அந்த வசதி உண்டு. கம்பைல் செய்யும்போது டைம்_பிட்ஸ், ஃபைல்_ஆஃப்செட்_பிட்ஸ் இரண்டையும் 64 என்று நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

கேள்வி: கொடுத்தேன் அண்ணா. ஆனால் வேறொரு லைப்ரரி திருப்பித் தரும் தேதி குப்பையாக இருக்கிறது.

பதில்: அந்த லைப்ரரி பழைய அளவில் கம்பைல் ஆகியிருக்கும். அது டைம்ஸ்பெக்கை, அதாவது நொடியும் நானோநொடியும் சேர்ந்த கட்டமைப்பை, 8 பைட்டாக நிரப்புகிறது, நீங்கள் 16 பைட்டாகப் படிக்கிறீர்கள். லிங்கர் இதைக் கண்டுபிடிக்காது. ஹெடரில் டைம்_டி தென்படும் லைப்ரரி அனைத்தையும் மறுபடி கம்பைல் செய்வதைத் தவிர வழியில்லை. டெபியன் 13 லினக்ஸில் ஆர்ம்எச்எஃப் (32 பிட் ஆர்ம்) லைப்ரரிகளின் பேக்கேஜ் பெயரிலேயே டி64 என்று சேர்த்தது இதற்காகத்தான்: பழையதும் புதியதும் ஒரே புரோசஸில் கலக்கக் கூடாது. மிகச் சரியான முடிவு என்பேன். ஐ386-ஐ (32 பிட் இன்டெல் வகை) மட்டும் பழைய அளவிலேயே விட்டார்கள். பழைய பைனரிகளை ஓட்டத்தான் அது இன்னும் தேவைப்படுகிறது.

கேள்வி: 32 பிட் ராஸ்பெர்ரி பையில் டாக்கர் கண்டெய்னருக்குள் ஆல்பைன் லினக்ஸ் 3.13 போட்டேன். வெளியே நேரம் சரி, உள்ளே தவறு!

பதில்: கண்டெய்னர் எந்த சிஸ்டம் கால்களை அழைக்கலாம் என்று கட்டுப்படுத்தும் செக்காம்ப் வடிகட்டியைப் பாருங்கள். ஆல்பைன் 3.13-இல் மஸ்ல் 1.2 இருக்கிறது, அது நேரம் கேட்க முதலில் கிளாக்_கெட்டைம்64 என்ற 64 பிட் சிஸ்டம் காலை அழைக்கும். அப்படி ஒரு அழைப்பே இல்லை என்று ஈநோசிஸ் என்ற பிழை எண் வந்தால் பழைய அழைப்புக்குப் போய்விடும். அந்த வடிகட்டியை அமைக்கும் லிப்செக்காம்ப் லைப்ரரி பழையதாக இருந்தால், இந்தப் புதிய அழைப்பின் எண் அதற்குத் தெரியாததால் ஈபெர்ம், அதாவது அனுமதி இல்லை, என்ற பதில் போகிறது. மஸ்ல் அதை உண்மையான மறுப்பாகவே எடுத்துக்கொள்கிறது. ஹோஸ்ட்டில் லிப்செக்காம்ப் 2.4.2, டாக்கர் 19.03.9 அல்லது அதற்குப் பிந்தையவை வேண்டும். தயவுசெய்து செக்காம்பையே அணைத்துவிடாதீர்கள்.

கேள்வி: டைம்_டி-யை அப்படியே கோப்பில் எழுதி வைத்திருக்கிறோம், பரவாயில்லையா?

பதில்: கூடாது. அளவு மாறிய அன்றே பழைய கோப்புகளைப் படிக்க முடியாமல் போகும். கோப்பில் 64 பிட் முழு எண்ணாக எழுதுங்கள், அச்சிடும்போது சி மொழியின் லாங் லாங் டைப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு சோதனை போர்டின் கடிகாரத்தை 2038 ஜனவரி 20-க்குத் தள்ளி, எழுதிய கோப்பைத் திரும்பப் படித்துப் பாருங்கள்.