காலையில் 3 அங்குலம், மதியம் 14 அங்குலம்: பனிப்புயல் வரைபடங்களில் எதை நம்புவது?

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் வசிக்கிறேன். ஞாயிறு இரவு பெரிய பனிப்புயல் என்கிறார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வானிலை ஆர்வலர்கள் சிலர் இருக்கிறார்கள். செவ்வாய் இரவு ஒருவர் போட்ட படத்தில் எங்கள் ஊருக்கு 22 அங்குலம். புதன் காலை அதே மாடல் (வானிலையைக் கணிக்கும் கணினி நிரல்) 3 அங்குலம் என்றது, மதியம் 14. திங்கள் காலை அப்பாவும் அம்மாவும் நியூவார்க்கிலிருந்து சென்னைக்குத் திரும்புகிறார்கள். டிக்கெட்டை மாற்றுவதா, வேண்டாமா? எப்போது முடிவெடுப்பது?

பதில்: புதன்கிழமையில் நிற்கும் உங்களுக்கு இப்போது ஒரே ஒரு தகவல் போதும். ஞாயிறை ஒட்டி வடகிழக்குக் கரையோரம் ஒரு புயல் உருவாக வாய்ப்பு இருக்கிறது. அங்குலக் கணக்கை இன்று பார்க்கவே வேண்டாம். டிக்கெட் முடிவை வெள்ளி மாலைக்குத் தள்ளி வையுங்கள். ஏன் வெள்ளி என்பதற்குக் காரணம் இருக்கிறது.

ஞாயிறு இரவு உங்கள் ஊரில் கொட்டப்போகும் புயல் இன்னும் பிறக்கவில்லை. அதற்கு விதையாகப் போகிற மேல்காற்றுச் சுழிவு இன்று பசிபிக் கடல் மேலே எங்கோ இருக்கிறது. நிலப்பகுதியில் நாளுக்கு இரண்டு முறை, நூற்றுக்கணக்கான இடங்களிலிருந்து பலூன் விட்டு மேல்காற்றை அளக்கிறார்கள். கடலில் அந்த வசதி மிகக் குறைவு. செயற்கைக்கோளும் விமானங்களும் தரும் அளவுகளை வைத்துத்தான் மாடல்கள் ஓடுகின்றன. தொடக்கத்தில் இருக்கும் சின்னப் பிசகு ஐந்து நாளில் புயலின் பாதையையே நூறு மைல் தள்ளிவிடும். அந்தச் சுழிவு மேற்குக் கரையைத் தாண்டி நிலத்துக்குள் வந்த பிறகு பலூன்கள் அதைப் பிடித்துவிடும். பெரும்பாலும் இது புயலுக்கு இரண்டு, மூன்று நாள் முன்பு நடக்கும். உங்கள் கணக்கில் அது வியாழன் இரவு அல்லது வெள்ளி.

அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாடல் ஒரு நாளில் நான்கு முறை ஓடுகிறது. ஒவ்வொரு ரன்னும் வரும்போது ஆர்வலர்கள் படத்தை எடுத்துப் பகிர்கிறார்கள். அது அவர்களுக்குப் பிடித்த வேலை, தப்பில்லை. உண்மையில் நிறையப் பேர் இதில்தான் வானிலை கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் 22, 3, 14 என்று எண் தாவுகிறது என்றால் மாடல் சொல்வது ஒன்றுதான்: எனக்கு இன்னும் தெரியாது.

வடகிழக்குப் பனிப்புயல்களில் பாதைதான் எல்லாமே. வடக்கு அட்சரேகை 40, மேற்குத் தீர்க்கரேகை 70 சந்திக்கும் கடல் புள்ளியை இங்குள்ள முன்னறிவிப்பாளர்கள் ஒரு குறியாக வைத்திருக்கிறார்கள். புயலின் மையம் அதை ஒட்டிப் போனால் நியூயார்க், பாஸ்டன் பக்கம் நல்ல பனி. மேற்கே நெருங்கிவந்தால் கடலின் வெதுவெதுப்பு உள்ளே புகுந்து கரையோரம் மழையாகிவிடும். கிழக்கே விலகினால் பனி கடலோடு போய்விடும்.

2015 ஜனவரி 26, 27 தேதிகளை நினைத்துப் பாருங்கள். நியூயார்க் நகரத்துக்கு 20 முதல் 30 அங்குலம் என்று அறிவித்தார்கள். பனிக்காகச் சுரங்க ரயிலை நிறுத்தியது அந்த நகரத்தின் வரலாற்றிலேயே அதுதான் முதல் முறை. கடைசியில் சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது 9.8 அங்குலம். அங்கிருந்து கிழக்கே சுமார் 50 மைல் தள்ளி, லாங் ஐலண்டின் ஐஸ்லிப்பில் 24.9 அங்குலம். மாசசூசெட்ஸின் வூஸ்டரில் 34.5. புயல் வரத்தான் செய்தது, சொன்ன பலத்தோடே வந்தது. கனத்த பனிப்பட்டையின் மேற்கு ஓரம் மட்டும் கொஞ்சம் கிழக்கே நின்றுவிட்டது. தேசிய வானிலை சேவையில் நியூஜெர்சி, பிலடெல்பியா பகுதிக்குப் பொறுப்பான மவுண்ட் ஹாலி அலுவலகத்தின் தலைமை வானிலையாளர் கேரி ஷட்கோவ்ஸ்கி அன்றிரவே ட்விட்டரில் மன்னிப்புக் கேட்டார். அந்த முறை நியூயார்க்குக்கு அதிகமாகச் சொன்னது, பொதுவாகத் துல்லியத்தில் முந்தி நிற்கும் ஐரோப்பிய மாடல். ஜிஎஃப்எஸ் குறைவாகவே சொல்லியிருந்தது. அதனால் 'ஐரோப்பிய மாடல் சொன்னால் சரிதான்' என்று குழுவில் யாராவது அடித்துச் சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நேர்மாறாகவும் நடக்கும். 2010 டிசம்பர் 26 புயலை மாடல்கள் நான்கைந்து நாள் முன்பு காட்டின, நடுவில் கைவிட்டன. 24ஆம் தேதி வாக்கில் மறுபடியும் பிடித்தன. நியூவார்க்கில் 24 அங்குலம் விழுந்தது. வியாழக்கிழமை 'புயல் போச்சு' என்று செய்தி வந்தாலும் வெள்ளிக்கிழமை பார்ப்பதை விடாதீர்கள்.

குழுவில் பகிரும் அந்த வண்ணப் படத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. இதை உங்கள் நண்பர்களிடமும் சொல்லுங்கள். பல தளங்கள் ஓர் அங்குல நீருக்குப் பத்து அங்குலப் பனி என்று கண்ணை மூடிக்கொண்டு பெருக்குகின்றன. நல்ல குளிரில் 15 அங்குலம்கூட வரும், உருகும் நிலையில் இருக்கும் ஈரப்பனியில் 5, 6தான். அதைவிட மோசம், சில படங்கள் ஸ்லீட்டையும் பனியாகவே எண்ணிவிடுகின்றன. ஸ்லீட் என்பது மேலே உருகி, கீழே வருவதற்குள் மறுபடி உறைந்து, ஜன்னலில் சடசடவென்று விழும் சிறு பனிக்குருணை. தரையில் அது பனி அளவுக்கு உயரம் ஏறாது. தரைக்கு மேல் சில ஆயிரம் அடியில் சூடான காற்று ஓர் அடுக்காக நுழைந்தால் இப்படி ஆகும். 2017 மார்ச் 14 அன்று நியூயார்க்குக்கு 18 முதல் 24 அங்குலம் சொல்லியிருந்தார்கள். ஸ்லீட் கலந்ததால் சென்ட்ரல் பார்க்கில் 7.6 அங்குலத்தோடு முடிந்தது. எடிசன் போன்ற இடத்தில் இந்தத் தகராறு அடிக்கடி வரும். வடமேற்கு மலைப்பக்கம் முழுப்பனி, கடற்கரைப் பக்கம் மழை, நடுவில் நீங்கள். ஆகவே அங்குலப் படத்துக்கு முன்னால் மழை, பனி, ஸ்லீட் என்று நிறம் பிரித்துக் காட்டும் படத்தைப் பாருங்கள். உங்கள் ஊர் எல்லைக்கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

சரி, ஒற்றை எண்ணை நம்பக்கூடாது என்றால் எதைப் பார்ப்பது? என்செம்பிள். ஒரே மாடலைத் தொடக்க அளவுகளில் சிறு மாற்றங்கள் செய்து பலமுறை ஓட்டுவது. ஐரோப்பிய மாடலை நடத்தும் மையம் இப்படி 51 ஓட்டம் ஓட்டுகிறது. அதில் உங்கள் ஊருக்கு 40 ஓட்டங்கள் 6 அங்குலத்துக்கு மேல் காட்டினால் அது கனமான செய்தி. பாதி ஒன்றுமில்லை என்றும் பாதி ஓர் அடிக்கு மேல் என்றும் பிரிந்து நின்றால், நடுவில் வரும் சராசரி 7 அங்குலத்துக்குப் பொருளே கிடையாது. எந்த ஓட்டமும் அதைச் சொல்லவில்லையே!

இவ்வளவு தேட நேரமில்லையா? தேசிய வானிலை சேவையின் குளிர்காலப் பக்கத்தில் குறைந்தபட்சம், எதிர்பார்ப்பது, அதிகபட்சம் என்று மூன்று எண் போடுவார்கள். இன்னொன்று, எடிசன் இருக்கும் மிடில்செக்ஸ் மாவட்டத்துக்கு மவுண்ட் ஹாலி அலுவலகம்தான் முன்னறிவிப்புத் தருகிறது. நியூவார்க் விமான நிலையத்துக்கு லாங் ஐலண்டில் உள்ள அப்டன் அலுவலகம். உங்களுக்குத் தேவை இரண்டாவது. அங்குள்ள முன்னறிவிப்பாளர்கள் ஒவ்வொரு முறையும் தங்கள் யோசனையை நீண்ட குறிப்பாக எழுதி வெளியிடுகிறார்கள். எதில் சந்தேகம் என்பதை அதில் ஒளிவுமறைவில்லாமல் சொல்வார்கள். எந்த வரைபடத்தையும்விட நான் முதலில் படிப்பது அதைத்தான்.

இனி உங்கள் டிக்கெட். வெள்ளி மதியம் ஐரோப்பிய மாடலின் ரன் இரண்டு மணி வாக்கில் முழுதாக வந்துவிடும். அதற்குப் பிறகு மாலையில் அப்டன் அலுவலகத்தின் மூன்று எண்களைப் பாருங்கள். குறைந்தபட்ச எண்ணே 5, 6 அங்குலம் இருந்தால் நான் மாற்றிவிடுவேன். குறைந்தபட்சம் பூஜ்யம், அதிகபட்சம் 12 என்று விரிந்து கிடந்தால் சனி காலை வரை பொறுக்கலாம். காற்றையும் கவனியுங்கள். மணிக்கு 35 மைல் காற்றும் கால் மைலுக்குக் குறைந்த பார்வையும் மூன்று மணி நேரம் நீடிக்கும் என்றால்தான் பிளிஸார்டு எச்சரிக்கை தருவார்கள். அது வந்துவிட்டால் பனி எத்தனை அங்குலம் என்று கணக்குப் பார்க்கத் தேவையில்லை.

பெரிய புயல் நெருங்கும்போது விமான நிறுவனங்கள் பெரும்பாலும் ஓரிரு நாள் முன்னதாகவே கட்டணமில்லாமல் தேதி மாற்ற அனுமதி அறிவிக்கும். அந்த அறிவிப்பு வந்த அன்றே மாற்றினால் இடம் கிடைக்கும், ஞாயிறு மாலை எல்லோரும் ஒரே நேரத்தில் போன் செய்வார்கள். புயலுக்கு முன்னால், சனிக்கிழமைக்கே மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. ஏனென்றால் புயல் முடிந்த மறுநாளும் விமானங்களும் பணியாளர்களும் வேறு ஊர்களில் சிக்கிக் கிடப்பார்கள். நியூவார்க்கிலிருந்து முதல் விமானமும் அது இறங்கும் ஊரிலிருந்து சென்னை விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தனித்தனியாக வாங்கியிருந்தால், முதல் விமானம் தாமதமானாலும் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. அப்படியென்றால் வெள்ளிவரைகூடக் காத்திருக்காதீர்கள். சக்கர நாற்காலிக்குச் சொல்லியிருந்தால் தேதி மாற்றும்போது அதையும் மறுபடி பதிவு செய்யச் சொல்லுங்கள், பல நேரம் அது தானாக மாறாது. அப்புறம், அப்பா அம்மாவின் மாத்திரைகள் ஒரு வாரத்துக்காவது கூடுதலாகக் கைப்பையிலேயே இருக்கட்டும்.