இருமல் சிரப்பிலிருந்து சங்கக் கணக்கு வரை: விளையாட்டு நெறிமுறை கேள்வி பதில்

கேள்வி (வியாசர்பாடி): என் பொண்ணுக்கு 16 வயசு, 400 மீட்டர் ஓடுறா. அடுத்த வாரம் பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் போட்டி. இருமல் விடலை. மெடிக்கல்ல சிரப் வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: லேபிளைப் படிக்காமல் கொடுக்காதீங்க அம்மா. நம்ம ஊர் இருமல் சிரப் பலவற்றில், மூச்சுக்குழாயை விரிக்கும் டெர்பியூட்டலின் என்ற மருந்து இருக்கும். போட்டி நாளோ பயிற்சி நாளோ, அது எப்போதுமே தடை. சளி மாத்திரையில் வரும் சூடோஎபெட்ரின் போட்டிக் காலத்தில் மட்டும் தடை, அதுவும் சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால். ஆனால் போட்டிக் காலம் முந்தின நாள் இரவு 11.59-க்கே தொடங்கிவிடும். தூங்கப் போகும்போது போட்ட மாத்திரை காலையில் சிறுநீரில் இருக்கும்.

டாக்டரிடம் போனதும் முதலில், "இவளுக்கு ஊக்கமருந்துச் சோதனை உண்டு" என்று சொல்லுங்கள். மருந்தின் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, கலந்திருக்கும் மருந்துகளை ஒவ்வொன்றாக, தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவின் 'நோ யுவர் மெடிசின்' செயலியில் தேடுங்கள். தடைப் பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் புதுசாகும். டிரமடால் வலி மாத்திரையை 2023 வரை போட்டியன்று போடலாம், 2024-லிருந்து கூடாது.

டாக்டர் சீட்டு, பில், பேட்ச் எண் தெரியும்படி பாட்டிலின் போட்டோ, மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். உடம்பில் மருந்து இருந்தாலே மீறல்தான். தெரிந்து குடித்தாளா என்ற கேள்வி தண்டனையைக் குறைப்பதற்கு மட்டும்தான் உதவும், அப்போது பேசப் போவது இந்தக் காகிதங்கள்தான்.

கேள்வி (பயிற்சியாளர், தாம்பரம்): மே மாத வெயிலில் பசங்க சுருண்டு போறாங்க. கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் டிரிப் ஏத்தினா தெம்பு வந்துடும். தப்பா சார்?

பதில்: தப்புதான். 12 மணி நேரத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் நரம்பு வழியாக எது ஏற்றினாலும், வெறும் உப்புத் தண்ணீராக இருந்தாலும், தடை. கிளினிக் பாட்டில் சாதாரணமாக 500 மில்லி. இரத்தத்தையும் சிறுநீரையும் நீர்க்கச் செய்து மருந்தை மறைக்க முடியும் என்பதால் இந்த விதி. ஏற்றச் சொன்ன பயிற்சியாளரும் மாட்டுவார். வெப்பத் தாக்கில் மயங்கி விழுந்தால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள், முறையான ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கு விலக்கு உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கி வையுங்கள். மற்ற நாளில் ஓ.ஆர்.எஸ். வாய் வழியாக.

கேள்வி (ஆவடி): போன மாதம் முதல் தடவையா ஊக்கமருந்துச் சோதனைக்குச் சிறுநீர் சாம்பிள் எடுத்தாங்க. பதற்றத்தில் எதையும் கவனிக்கலை. எதைப் பார்த்திருக்கணும்?

பதில்: அதிகாரி அடையாள அட்டை காட்டி, படிவத்தில் உங்கள் கையெழுத்து வாங்கிய நொடியிலிருந்து ஒருவர் உங்கள் கூடவே இருப்பார். பதக்க மேடைக்கோ அடுத்த ஓட்டத்துக்கோ அவரோடு போய்வரலாம். சீல் பிரிக்காத குவளைகளில் ஒன்றை நீங்களே எடுக்க வேண்டும். கையைத் தண்ணீரில் மட்டும் கழுவுங்கள், சோப்பு வேண்டாம். உங்கள் பாலினத்தைச் சேர்ந்த சாட்சி ஒருவர் நேராகப் பார்ப்பார். சட்டையை மேலே ஏற்றி, கால்சட்டையை முழங்காலுக்கு இறக்கி, கைகளை முழங்கை வரை மடித்து நிற்கச் சொல்வார்கள். கூச்சமாக இருக்கும். ஆனால் மறைத்து எடுத்து வந்த வேறொருவர் சிறுநீரைப் பிடிக்க வேறு வழி கிடையாது. 18 வயதுக்குக் கீழே என்றால் உங்கள் தரப்புப் பெரியவர் ஒருவர் உள்ளே வரலாம். அவர் பார்ப்பது சாட்சியை, பிள்ளையை அல்ல.

குறைந்தது 90 மில்லி வேண்டும். வரவில்லையே என்று லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. சிறுநீர் நீர்த்துப்போய் அதன் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.005-க்குக் கீழே போனால் மறுபடி சாம்பிள் கேட்பார்கள், ராத்திரி வரை உட்கார வேண்டியதுதான். மறுசோதனைக்கான பி பாட்டிலில் 30, முதல் சோதனைக்கான ஏ பாட்டிலில் 60 மில்லியாவது நீங்களே ஊற்றி, அடர்த்தி பார்க்கக் குவளையில் கொஞ்சம் மிச்சம் வைத்து, இரண்டு பாட்டிலையும் இறுக மூடிக் கவிழ்த்துப் பாருங்கள். பாட்டில் எண்ணும் படிவ எண்ணும் ஒன்றுதானா என்று சத்தமாகப் படியுங்கள். கடைசி 7 நாளில் சாப்பிட்ட மருந்து, புரோட்டீன் பவுடர், சித்த மருந்துச் சூரணம் எல்லாவற்றையும் எழுதுங்கள்.

ஏதாவது சரியில்லையா, படிவத்தில் உள்ள கருத்துக் கட்டத்தில் அங்கேயே எழுதுங்கள். பாசிட்டிவ் வந்த பிறகு, "அன்றைக்கு சீல் உடைந்திருந்தது" என்று சொன்னால் எடுபடாது.

கேள்வி (ஆவடி, அதே நபர்): சோதனைக்கு வந்திருக்காங்கன்னு தெரிஞ்சா சிலர் போட்டியிலிருந்தே கழண்டுக்கிறாங்களே?

பதில்: 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலப் போட்டியில் அந்தச் செய்தி பரவி, ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டியில் ஒரே ஒருவர்தான் ஓடினார். அழைப்பு வந்த பிறகு ஓடி ஒளிந்தால், மருந்து எடுத்ததற்குச் சமமாக 4 ஆண்டுகள் வரை தடை.

கேள்வி (முகப்பேர்): இருப்பிட விவரம் தர்ற பட்டியலில் தங்கச்சி பேர் வந்திருக்கு. அபார்ட்மென்டில் இருக்கோம். எதில் கவனமா இருக்கணும்?

பதில்: சொல்லாமல் வரும் ஊக்கமருந்துச் சோதனைக்காக, தினமும் காலை 5 முதல் இரவு 11 மணிக்குள் 60 நிமிடம் அவளே தேர்ந்தெடுத்த இடத்தில் இருக்க வேண்டும். 12 மாதத்தில் மூன்று தவறினால் 2 ஆண்டு தடை, குறைந்தபட்சம் 1 ஆண்டு. உங்கள் வீட்டில் சிக்கல் வரக்கூடிய இடம் கேட் வாட்ச்மேன். "யாருன்னு தெரியலை" என்று சோதனை அதிகாரியை அவர் திருப்பி அனுப்பினால் தவறியது தங்கச்சி கணக்கில் ஏறும். வருகிறவர் போன் செய்துதான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிளாக், மாடி, காலிங் பெல் வேலை செய்கிறதா என்பது வரை விவரத்தில் எழுதுங்கள். இரண்டு ஷிப்ட் வாட்ச்மேனிடமும் சொல்லி வையுங்கள்.

கேள்வி (சென்னை லீக் கிரிக்கெட் வீரர்): இன்ஸ்டாகிராமில் ஒருத்தர், "நாளைக்கு யார் ஓப்பனிங், பிட்ச் எப்படி, சொன்னா ஷூ அனுப்புறேன்" என்கிறார். பதில் சொல்லாமல் விட்டுட்டேன். போதுமா?

பதில்: போதாது தம்பி. சொல்லாமல் விடுவதே குற்றம். வங்கதேச கிரிக்கெட் வீரர் ஷகிப் அல் ஹசன் காசு வாங்கியதாகக் குற்றச்சாட்டு இல்லை, தன்னை அணுகியதை மறைத்தார் என்பதற்காக மட்டும் 2019 அக்டோபரில் 2 ஆண்டு தடை, அதில் ஓராண்டு நிறுத்திவைப்பு. அணிப் பட்டியலும் பிட்ச் நிலவரமும் பந்தயக்காரனுக்குக் காசு. மெசேஜை அழிக்காதீங்க, பிளாக் செய்யாதீங்க. அந்தக் கணக்கின் பெயர், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இன்றைக்கே ஊழல் தடுப்பு அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். கேப்டனிடம் சொல்வது புகார் ஆகாது. டீம் வாட்ஸ்அப்பில் போட்டால் அந்த ஆள் காணாமல் போய்விடுவார். நீங்களே பேச்சுக் கொடுத்துத் துப்பறியவும் வேண்டாம்.

கேள்வி (அம்பத்தூர்): எங்க மாவட்டத் தேர்வுக் குழுவில் ஒருத்தர் சொந்தமா அகாடமி நடத்துறார். நல்ல மனுஷன்தான். இதில் என்ன தப்பு?

பதில்: நல்லவரா என்பது கேள்வியே இல்லை. நிர்வாகிகள் ஐ.பி.எல். அணியில் பங்கு வைத்துக்கொள்ள இடம் தந்த கிரிக்கெட் வாரிய விதித் திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2015 ஜனவரியில் ரத்து செய்தது. ஐ.பி.எல். சூதாட்டம் பற்றிய அதே வழக்கின் தொடர்ச்சியாக, நீதிமன்றம் அமைத்த லோதா குழு இரண்டு அணிகளை நிறுத்திவைத்ததால்தான் 2016, 2017-ல் சேப்பாக்கத்தில் சென்னை அணி ஆடவில்லை.

அகாடமி விவரத்தை அவர் ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். தன் மாணவர் பெயர் வரும்போது அறையை விட்டு வெளியே போக வேண்டும். கை தூக்காமல் உட்கார்ந்திருந்தால் போதாது, அவர் முகத்துக்கு நேராக அவர் பையனை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? வெளியே போன நேரம், திரும்பிய நேரம் கூட்டக் குறிப்பான மினிட்ஸில் ஏற வேண்டும். ஒவ்வொரு தேர்வாளரும் மதிப்பெண் தாளில் அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும்.

கேள்வி (பளுதூக்கும் வீரரின் அண்ணன், வேளச்சேரி): சர்வதேச சம்மேளனமே கெட்டுப்போனா இதெல்லாம் எதுக்கு?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. பளுதூக்கும் சம்மேளனத்தில் தமாஷ் அயான் 1976-லிருந்து பொதுச் செயலாளர், 2000 முதல் 2020 வரை தலைவர். 2020 ஜூனில் வந்த மெக்லாரன் விசாரணை அறிக்கையில் 1.04 கோடி டாலருக்குக் கணக்கு இல்லை. ஊக்கமருந்து அபராதங்கள் ரொக்கமாக வசூலானதும், பணம் ஒரே மனிதர் பிடியில் இருந்ததும்தான் ஓட்டை. நம்ம ஊர் ஜிம்மில் விதிப்படி தூக்கிய பையனின் பதக்கத்தை அது திருடுகிறது.

சங்கத்தின் பொதுக்குழுவுக்குப் போங்கள். காசோலையில் எத்தனை கையெழுத்து, ரொக்கமாக எவ்வளவு வந்தது, வங்கிக் கணக்குகள் எத்தனை, ஆடிட்டரைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேளுங்கள். 2025 தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டப்படி தேசிய சம்மேளனத்தின் செயற்குழுவில் அதிகபட்சம் 15 பேர், அதில் குறைந்தது 4 பெண்கள், 2 சிறந்த வீரர்கள் இருக்க வேண்டும். பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்கி எண்ணிப் பாருங்கள்.

கேள்வி (பெரம்பூர்): சம்மேளனம் என்னைத் தகுதிநீக்கம் செஞ்சுட்டதா போனில் சொன்னாங்க. அப்பீலுக்கு எத்தனை நாள்?

பதில்: முதலில் அந்தச் சம்மேளன விதியில் உள்ள கெடுவைப் பாருங்கள், ஏழு நாள்கூட இருக்கலாம். லொசானில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்குப் போக விதியில் வழி இருந்து, வேறு கெடு சொல்லாவிட்டால், முடிவு கைக்கு வந்ததிலிருந்து 21 நாள். மனுவோடு 1,000 சுவிஸ் பிராங்க் கட்ட வேண்டும், திரும்ப வராது. போனில் சொன்னதை வைத்து அப்பீல் எழுத முடியாது. காரணத்துடன் எழுத்து மூலம் முடிவு வேண்டும் என்று இன்று ராத்திரிக்குள் ஈமெயில் அனுப்புங்கள், அழைப்பு வந்த தேதி, நேரம், பேசியவர் பதவி மூன்றையும் அதில் குறிப்பிடுங்கள்.