தண்ணீரில் ஊறிப் பெருக்கும் மணிகள்: வைப்பதா, வீசுவதா?

கேள்வி: மருமகள் கொழுந்து பறிக்கப் போவதால் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகன், மூத்தவனுக்கு (7 வயது) தண்ணீரில் போட்டால் பெருக்கிற கலர் மணிகளும் ஒரு டைனோசரும் வாங்கி வந்தான். போன கிழமை 11 மாதச் சின்னவன் ஒரு மணியை வாயில் போட்டுவிட்டான். நான் விரலை விட்டு எடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் வீசச் சொல்கிறாள் மருமகள். பெரியவனோ அழுகிறான். என்ன செய்வது?
- ஒரு பாட்டி, தலவாக்கலை

பதில்: அம்மா, உங்கள் மருமகள் சொல்வதுதான் சரி. மணிகள் இன்றைக்கே வீட்டைவிட்டுப் போகட்டும்.

அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. சின்னவன் வாயில் போட்டது அந்த ஒன்றுதான் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா? கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும், பிள்ளை நன்றாகத்தானே விளையாடுகிறான் என்று இருந்துவிடாமல் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். வாந்தி, வயிறு உப்பல், பால் குடிக்க மறுப்பது, சோர்ந்து கிடப்பது, இதில் எது தெரிந்தாலும் 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்சுக்குக் காசு இல்லை.

காய்ந்த மணி ஜவ்வரிசி அளவுதான். பம்பர்ஸுக்குள் ஈரத்தை இழுத்துவைக்கிறதே, அந்த வகைப் பொருளால்தான் இதையும் செய்கிறார்கள். தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்துக் கோலிக்குண்டு அளவுக்கும், சில வகைகள் அதைவிடப் பெரிதாகவும் பெருக்கும். குழந்தையின் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும் மணி, குடலுக்குள் ஊறிப் பெருத்து வழியை அடைத்துவிடும். அடைத்தால் பல நேரம் ஆபரேஷன்தான். அமெரிக்காவில் 2023இல் 10 மாதக் குழந்தை ஒன்று இதனால் இறந்தது. அந்த வருடக் கடைசியில் அமேசான், வால்மார்ட், டார்கெட் என்ற பெரிய விற்பனை நிறுவனங்கள் மூன்றும் பிள்ளைகளுக்கென்று இதை விற்பதை நிறுத்தின. நம் ஊரில் திருவிழாக் கடையில்கூடத் தொங்குகிறது என்பதுதான் என் கவலை.

டொக்டரிடம் போகும்போது மணிகள் வந்த பக்கெட்டையும் ஒரு மணியையும் கொண்டுபோங்கள். இது எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினால், 'தண்ணீரில் பெருக்கிற மணி, ஸ்கேன் பார்க்க முடியுமா' என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், விளக்கெண்ணெயும் வேண்டாம். உப்புத் தண்ணீரில் மணி சுருங்கும் என்று யாராவது சொல்வார்கள். கிளாஸில் சுருங்கும், உண்மைதான். ஆனால் அதைக் குழந்தைக்குக் கொடுத்தால் அதுவே ஆபத்து. காதிலோ மூக்கிலோ போய்விட்டால் சொட்டு மருந்து விடாதீர்கள், அந்த ஈரத்திலும் பெருக்கும்.

வீசுவதிலும் கவனம் வேண்டும். பீலிக் கானில் கொட்டினால் அங்கேயே ஊறி அடைக்கும், பக்கத்து லயத்துப் பிள்ளைகளும் பொறுக்குவார்கள். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டிக் குப்பையில் போடுங்கள். பிறகு காம்பராவை இருட்டாக்கி, டோர்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்துப் பாருங்கள். உருண்டோடிய மணிகள் கட்டிலுக்கு அடியிலும் சிமெந்து வெடிப்பிலும் காய்ந்து சுருங்கிக் கிடக்கும். எத்தனை மாதம் கழித்து ஈரம் பட்டாலும் திரும்பப் பெருக்கும். தவழுகிற பிள்ளையின் கண்ணில்தான் அது முதலில் படும்.

டைனோசரைப் பெரியவன் வைத்திருக்கட்டும். காய்ந்த நிலையிலும் சின்னவன் வாய்க்குள் போகாத அளவு பெரிதாக இருந்தால் மட்டும். ஆனால் ஊறிய பிறகு கால், வால் பிய்ந்து வரும், அந்தத் துண்டும் மணியைப் போலத்தான். மூடியுள்ள டப்பாவில் ஊறவைத்து உயரத்தில் வையுங்கள். சின்னவன் தூங்கும்போது எடுத்துக் கொடுங்கள், ஒரு துண்டு பிய்ந்தாலும் அன்றோடு அதையும் வீசிவிடுங்கள். வளர வளரத் தினமும் அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் எழுதச் சொல்லுங்கள், மணிகள் போன அழுகை அதிலே மறந்துபோகும். மகனிடமும் போனில் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், அடுத்த முறை ஊருக்கு வரும்போது இந்த மணிகளை வாங்கிவராமல் இருப்பார்.