நம்பிக்கை சரி, கணக்கு எங்கே?

கேள்வி: தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே தோற்கடித்து நம் மகளிர் கால்பந்து அணி ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றுவிட்டது. அடுத்தது 2027 பிரேசில் உலகக் கோப்பைதான் என்று நண்பர்கள் வட்டத்தில் ஒரே பேச்சு. கடலூர்ப் பெண்கள் வளர்த்த அணி என்ற பெருமை வேறு. இந்த நம்பிக்கை நியாயமா, மிகையா?
- வாசகர் ஒருவர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: நியாயம்தான். ஆனால் அதை எதன்மேல் கட்டியிருக்கிறீர்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை.

2025 ஜூலை 5, சியாங் மாய். அன்று களமிறங்கும்போது இரண்டு அணிகளும் மூன்று ஆட்டங்களில் தலா 22 கோல் அடித்து, ஒன்றுகூட வாங்காமல் நின்றன. பிரிவிலிருந்து ஓர் அணிக்குத்தான் இடம். உலகத் தரவரிசையில் 70-வது இடத்தில் இருந்த நாம் 46-வது இடத்தில் இருந்த தாய்லாந்தை 2-1 என்று வென்றோம். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர் அடித்தவை. 1980-லும் 1983-லும் ஆசிய அளவில் இரண்டாமிடம் பிடித்த நாடுதான் இது. ஆனாலும் தகுதிச்சுற்று ஆடி, வென்று, உள்ளே போவது இதுவே முதல் முறை. இதற்கு மகிழாமல் வேறெதற்கு மகிழ்வது?

ஆனால் உங்கள் நண்பர்கள் கொண்டாடுவது அந்த 22 கோலை. அதில் 13 மங்கோலியாவுக்கு எதிராக மட்டும் விழுந்தவை. அதை வைத்து எதையும் அளக்க முடியாது. அளக்க வேண்டுமென்றால் 2023 அக்டோபரில் தாஷ்கண்டில் நடந்த ஒலிம்பிக் தகுதிச்சுற்றைப் பாருங்கள். ஜப்பானிடம் 0-7. வியட்நாமிடம் 1-3. உஸ்பெகிஸ்தானிடம் 0-3. அந்தத் தொடரில் நமக்குக் கிடைத்த ஒரே கோலை அடித்தவர் உங்கள் மாவட்டத்துச் சந்தியா ரங்கநாதன்.

அதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2026 மார்ச்சில் நடக்கும் ஆசியக் கோப்பையில் நம் பிரிவில் இருப்பவர்கள் அதே ஜப்பான், அதே வியட்நாம், கூடவே சீன தைபே (தைவான்). மார்ச் 4 வியட்நாம், 7 ஜப்பான், இரண்டும் பெர்த்தில். 10-ம் தேதி சீன தைபே, சிட்னியில்.

இனி கணக்கு. 12 அணிகள், மூன்று பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு அணிகள் காலிறுதிக்குப் போகும். மூன்றாமிடம் பிடித்த மூன்று அணிகளில் சிறந்த இரண்டும் போகும். காலிறுதியில் வென்ற நான்கும் நேராக உலகக் கோப்பைக்கு. தோற்ற நான்கும் தங்களுக்குள் இரண்டு ஆட்டம் ஆடி, வென்ற இரண்டு அணிகளும் உலகக் கோப்பைக்கு. அதிலும் தோற்ற இரண்டுக்குக் கண்டங்களுக்கு இடையிலான பிளே-ஆஃப் மிச்சமிருக்கிறது. ஆகவே வாசல் காலிறுதிதான். அங்கே நுழைந்துவிட்டால் அதற்குமேல் ஒரே ஒரு வெற்றி போதும்.

மூன்றாமிட அணிகள் புள்ளியில் சமமாக இருந்தால் பார்ப்பது கோல் வித்தியாசம், அதாவது அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்தால் வருவது. ஓர் உதாரணம். வியட்நாமை ஒரு கோலில் வென்று, சீன தைபேயிடம் ஒரு கோலில் தோற்றால் நமக்கு 3 புள்ளி. அந்த இரண்டு ஆட்டத்தின் வித்தியாசம் பூஜ்யம். ஜப்பானிடம் 0-3 என்றால் மொத்தம் மைனஸ் 3. காலிறுதி வாய்ப்பு உயிரோடு இருக்கும். தாஷ்கண்ட் போல 0-7 என்றால் மைனஸ் 7. மற்ற இரண்டு பிரிவுகளின் மூன்றாமிட அணிகளுக்கும் 3 புள்ளி இருந்தால் பெரும்பாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஜப்பான் ஆட்டத்தில் 0-2 பின்தங்கியிருக்கும்போது நம் பயிற்சியாளர் இன்னொரு தடுப்பு ஆட்டக்காரரை (டிஃபென்டரை) இறக்கினால், "ஏன் அடித்து ஆடவில்லை" என்று யாரும் திட்ட வேண்டாம். அன்று அதுதான் சரியான ஆட்டம்.

அந்த ஆட்டத்தில் 60-வது நிமிடத்துக்குமேல் பந்தைப் பார்க்காதீர்கள். நம் கடைசி டிஃபென்டருக்கும் முன்னால் நிற்கும் ஸ்ட்ரைக்கருக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பாருங்கள். 30 மீட்டருக்குள் இருந்தால் அணி ஒன்றாக நிற்கிறது. தளர்ந்துபோன மிட்ஃபீல்டர்கள் பின்னால் ஓடிவரத் தாமதித்தால், டிஃபென்டர்களுக்கு முன்னால் 15, 20 மீட்டர் காலியிடம் திறக்கும். ஜப்பான் பெண்கள் அந்த இடத்தில்தான் உடம்பைப் பாதி திருப்பியபடியே பந்தை வாங்குவார்கள். பிறகு மைதானத்தின் ஓரத்துக்கு (விங்குக்கு) ஒரு பாஸ், கோல் கோட்டருகிலிருந்து பின்னோக்கி ஒரு பாஸ், கோல். பெரிய அணிகளிடம் ஏழெட்டு வாங்குவது பெரும்பாலும் இப்படித்தான்.

இதை நம் பெண்களின் மனத்திடம் என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். ஆட்டம் போதவில்லை, அவ்வளவுதான். 2024-25 இந்திய மகளிர் லீக்கில் 8 கிளப்கள்; ஒரு கிளப்புக்கு 14 ஆட்டம். ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் முடிந்துவிட்டது. ஜப்பானின் மகளிர் லீக்கில் 12 கிளப்கள், ஒரு கிளப்புக்கு 22 ஆட்டம், கோப்பைப் போட்டிகள் தனி. 75-வது நிமிடத்தில் கால் கேட்காத நேரத்திலும் சரியான இடத்துக்குத் திரும்பி ஓடும் பழக்கம் பயிற்சி முகாமில் வராது. வாராவாரம் புள்ளிக்காக ஆடினால்தான் வரும்.

இனி கடலூர்ப் பெருமைக்கு வருகிறேன். பெருமை உண்மைதான். 2022 ஆசியக் கோப்பை அணியில் இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் இருவரும் இருந்தார்கள். தமிழ்நாட்டு மகளிர் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன். ஆனால் அவர்களுக்கு அடுத்து வருகிற பிள்ளைகள் எந்தத் தரையில் ஆடுகிறார்கள் என்று போய்ப் பார்த்தீர்களா?

கட்டாந்தரையில் ஆடும் சிறுமியைக் கவனியுங்கள். பாஸ் தரையில் எகிறி எகிறி வரும். அவள் உள்ளங்காலைத் தூக்கிப் பந்தின்மேல் வைத்து நிறுத்துவாள். தலையைத் தூக்கிப் பார்ப்பாள். அப்புறம் பாஸ் கொடுப்பாள். இரண்டு நொடி போய்விடும். மேடுபள்ளத் தரையில் அதுதான் புத்திசாலித்தனம், அவள்மேல் குற்றமில்லை. ஆனால் பெர்த்தில் அந்த இரண்டு நொடியில் இரண்டு பேர் மேலே விழுந்திருப்பார்கள். பந்து வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை, பந்து வரும் பக்கத்திலிருந்து தள்ளியிருக்கும் காலின் உட்புறத்தால் முதல் தொடலிலேயே பந்தை அடுத்த திசைக்குத் தள்ளுவது, இதைப் பத்து வயதில் பழக வேண்டும். அதற்குச் சமமான தரை வேண்டும்.

முழு மைதானம் கேட்டுக் காத்திருக்க வேண்டாம். 20 மீட்டருக்கு 20 மீட்டர் ஒரு துண்டு போதும். கல் பொறுக்குங்கள். பொதுக்கூட்டத்துக்கும் திருவிழாவுக்கும் பந்தல்கால் நட்ட குழிகள்தான் கணுக்காலைத் திருப்புபவை. மேலாக மணலைக் கொட்டி மூடினால் முதல் மழையில் உள்வாங்கிவிடும். அதே மண்ணை 10 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் நனைத்து, இடித்து இறுக்க வேண்டும். மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் சரிவு கொடுங்கள், தண்ணீர் நிற்காது. அருகம்புல் கொடியை ஒரு சாண் இடைவெளியில் ஜூலை, ஆகஸ்டில் நட்டுத் தண்ணீர் விட்டால் வடகிழக்குப் பருவமழைக்குள் வேர் பிடித்துவிடும். நவம்பரில் நட்டால் நம் ஊர் வெள்ளத்தில் அழுகிப்போகும்.

பந்தும் கவனிக்க வேண்டிய விஷயம். 12 வயதுக்குட்பட்டோருக்கு 4-ம் எண் பந்து. 5-ம் எண் பந்தை அந்த வயதில் உதைக்கவிட்டால் நுனிக்காலால் குத்தும் பழக்கம்தான் வரும். காற்றைக் கல்லாக அடைக்காதீர்கள். விதிப்படி 0.6 முதல் 1.1 வளிமண்டல அழுத்தம் வரை இருக்கலாம். கட்டாந்தரைக்குக் கீழ் அளவு, சுமார் 9 பி.எஸ்.ஐ., போதும், எகிறுவது குறையும். இரண்டு பிள்ளைக்கு ஒரு பந்தாவது வேண்டும். நீள ஸ்டட் ஷூ இந்தத் தரைக்கு ஆகாது. அடியில் சின்னச் சின்ன ரப்பர் குமிழ் உள்ள டர்ஃப் ஷூ வாங்கிக் கொடுங்கள்.

இத்தனையும் செய்தாலும் பிள்ளைகள் நின்றுபோகும் இடம் ஒன்று உண்டு: பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு வருடம் என்று ஷூவைப் பரணில் போட்டுவிடுவார்கள். 15, 16 வயதில்தான் ஆட்டத்தின் வேகமும் உடம்பின் பலமும் ஒன்றுசேரும். அந்த ஒரு வருடம் விட்டால் திரும்பி வருகிறவர்கள் குறைவு. முழுதாக நிறுத்த வேண்டியதில்லை. வாரத்துக்கு மூன்று நாள், காலை 6 முதல் 7 வரை பந்தோடு இருந்தால் போதும், பழக்கம் விட்டுப்போகாது. மாலைப் பயிற்சி என்றால் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இருட்டிய பிறகு பஸ் உண்டா, உடை மாற்ற அறையும் கழிப்பறையும் உண்டா என்பதையும் பெற்றோர் கேட்பார்கள். கேட்பது அவர்கள் கடமை. பதில் சொல்ல வேண்டியது நாம்.

உங்கள் நண்பர்களிடம் ஒரு வேலை சொல்லுங்கள். அண்ணா விளையாட்டரங்கத்திலோ பக்கத்துப் பள்ளியிலோ பெண்கள் ஆட்டம் எப்போது என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, பத்துப் பேராகப் போய் உட்காருங்கள். ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள்: பந்தை உள்ளங்காலால் நிறுத்தியது எத்தனை முறை, முதல் தொடலிலேயே திசை திருப்பியது எத்தனை முறை. தாளைப் பயிற்சியாளரிடம் கொடுத்துவிட்டு, தரைக்கும் பந்துக்கும் என்ன வேண்டும் என்று கேட்டு வாருங்கள்.