படகுக்குக் கைமாற்று, படிப்புக்கு அடகா?

கேள்வி: கடலூர் முதுநகரில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மனைவியின் தையலையும் சேர்த்து வீட்டு வருமானம் மாதம் 34,000. மகள் கடலோரப் பல்கலைக்கழகம் ஒன்றில் பி.எஸ்சி. கடல் அறிவியல், இரண்டாம் ஆண்டு முடிக்கிறாள். கட்டணம், விடுதி எல்லாமாக ஆண்டுக்கு 60,000 ஆகிறது. அதற்காக மாதம் 5,000 ஆர்.டி. (தொடர் வைப்பு) கட்டுகிறேன். ஆனால் இரண்டு வருடமும் அது மே மாதம் முதிர்ந்ததும், விசைப்படகில் பங்கு வைத்திருக்கும் மச்சான் (மனைவியின் தம்பி) கைமாற்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். இதுவரை 35,000 திருப்பியிருக்கிறார். கடன் வாங்கிப் படிக்கவைக்க மனமில்லாமல், மனைவியின் நகையை இரண்டு சீட்டாக 1,20,000க்கு அடகு வைத்துக் கட்டணம் கட்டினேன். இரண்டு வட்டி. இப்போது கியர்பாக்ஸ் போய்விட்டது, 75,000 வேண்டும் என்கிறார். 20 மாதமாக ஸ்மால் கேப் ஃபண்டில் (சிறு நிறுவனப் பங்குகளில் போடும் மியூச்சுவல் ஃபண்ட்) மாதம் 3,000 எஸ்ஐபி (மாதத் தவணை முதலீடு) போகிறது. மகள் 28,000 ரூபாய் ஸ்கூபா பயிற்சியை வட்டியில்லாத் தவணையில் கேட்கிறாள். எம்.எஸ்சி. வேறு இருக்கிறது. எஸ்ஐபியைக் கூட்டினால் சமாளிக்க முடியுமா? கவலையில் தூக்கமில்லை.
— வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: எஸ்ஐபிக்கு அப்புறம் வருகிறேன். கணக்கு எழுதுகிறவருக்குச் சிக்கனப் பாடம் எடுக்கும் எண்ணமும் இல்லை. ஆர்.டி.யை மாதம் தவறாமல் கட்டி முடிக்கிறீர்கள். அது மகளின் ஒரு வருடச் செலவுக்குச் சரியாக இருக்கிறது. அந்தப் பணம் மே மாதம் துறைமுகத்துக்குப் போகிறது, ஜூன் மாதம் நகை அடகுக்கடைக்குப் போகிறது. உங்கள் பிரச்சினை இவ்வளவுதான்.

கடன் வாங்கிப் படிக்கவைக்க மனமில்லை என்கிறீர்கள். ஐயா, வாங்கிவிட்டீர்கள், அதுவும் ஆண்டுக்கு 24 சதவீதத்தில். வாங்கியது படிப்புக்கும் அல்ல, படகுக்கு. முதல் சீட்டுக்கு இரண்டு வருட வட்டி 28,800, இரண்டாவதுக்கு ஒரு வருடம் 14,400. ஆக 43,000 சொச்சம். மச்சான் திருப்பித் தந்ததைவிட நீங்கள் கட்டிய வட்டி அதிகம். (ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும் வஞ்சிரத்தை இதில் கழிக்காதீர்கள்.)

அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கும்போதுதான் இன்ஜின் வேலை, வலை வேலை, பெயின்ட் எல்லாம் வரும், வருமானமோ இருக்காது. கல்லூரிக் கட்டணமும் அதே சமயத்தில்தான் வருகிறது. ஆகவே இது இந்த வருடம் மட்டும் வந்த அவசரம் அல்ல, அடுத்த மே மாதமும் வரும். திருப்பித் தருவதற்குப் பெரும்பாலும் தீபாவளியைத்தான் சொல்லியிருப்பார். அது வடகிழக்குப் பருவமழையும் புயலும் உள்ள காலம். படகு பாதி நாள் கடலுக்கே போகாது. பழைய பாக்கி 85,000 வர வேண்டுமானால் தடை முடிந்து மீன்பாடு இருக்கும் ஜூலை, ஆகஸ்டில், வாரக் கணக்கில் கேளுங்கள்.

75,000க்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள். வெறுங்கையோடு அனுப்பவும் வேண்டாம். கிசான் கிரெடிட் கார்டு (விவசாயிகளுக்கான குறைந்த வட்டி வங்கிக் கடன்) 2018-19 முதல் மீனவர்களுக்கும் உண்டு. 7 சதவீத வட்டி, ஒழுங்காகக் கட்டினால் 4. டீசல், ஐஸ் போன்ற நடப்புச் செலவை அதில் வைத்துக்கொண்டால் கியர்பாக்ஸுக்குப் பங்காளிகள் கைப்பணம் போடலாம். பங்காளிகள் இருக்கும்போது உங்கள் வீட்டு நகை ஏன் அந்தக் கியர்பாக்ஸைச் சுமக்க வேண்டும்? இந்தக் கணக்கை மச்சானிடம் பேசும் முன் மனைவியிடம் காட்டுங்கள். தம்பி அவருடையவர், நகையும் அவருடையது. மொத்தத் தொகை அவருக்குத் தெரியுமா என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

இப்போது முதிரும் ஆர்.டி. நேராக மூன்றாம் ஆண்டுக் கட்டணத்துக்குப் போகட்டும். அடுத்த வருடத்துக்கு அன்றைக்கே புது ஆர்.டி. தொடங்குங்கள்.

எஸ்ஐபியைக் கூட்டுவதா? நிறுத்துங்கள். 24 சதவீதம் வட்டி கட்டிக்கொண்டே ஸ்மால் கேப்பில் போடுவதற்கு, அந்த ஃபண்ட் வருடாவருடம் 24க்கு மேல் தர வேண்டும். விளம்பரத்தில் தரும். போட்டது 60,000, சந்தையைப் பொறுத்து அதற்குக் கூடவோ குறையவோ கைக்கு வரும். அதை எடுத்து முதல் சீட்டை மீட்டுங்கள். மீட்ட நகையை வங்கியில் வைத்து 60,000 வாங்கி, இரண்டாவது சீட்டை மீட்டுங்கள். தங்கம் விலை ஏறியிருப்பதால் மீட்ட நகையில் ஒரு பகுதியே போதலாம். வங்கியில் 10 சதவீதம் என்று வைத்தால் மாத வட்டி 500. இன்று நீங்கள் கட்டுவது 2,400. மிச்சம் 1,900, எஸ்ஐபி நின்ற 3,000, ஆக 4,900. அதை மாதாமாதம் அசலில் கட்டினால் ஒரு வருடத்தில் மீதி நகையும் வீட்டுக்கு வந்துவிடும். வருடக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கும் வேலை வேண்டாம்.

ஸ்கூபா இப்போது வேண்டாம். கடல் அறிவியலில் பெரும்பாலான வேலை நுண்ணோக்கியின் முன்னும், மீன் இறங்குதளத்திலும், இறால் பண்ணை நீர்ப் பரிசோதனையிலும்தான். ஆய்வுக்குத் தேவைப்படும்போது கற்றுக்கொள்ளலாம். 'வட்டியில்லாத் தவணை' என்பதில் வட்டி பெரும்பாலும் விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

எம்.எஸ்சி.தான் பெரிய விஷயம். இந்தத் துறையில் பி.எஸ்சி.யோடு நின்றால் நல்ல வேலை அரிது. எம்.எஸ்சி. முடித்து நெட் தேர்வில் (தேசியத் தகுதித் தேர்வு) ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதத்துக்கு 37,000 (2023இலிருந்து இந்தத் தொகை), வாடகைப்படி தனி. ஆனால் அதற்கு இன்னும் மூன்று வருடமாவது ஆகும். கிடைத்தாக வேண்டும் என்றும் இல்லை. அதுவரை அவள் சம்பளத்தை எந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் இருக்கிறது. முதுநகர் துறைமுகச் சந்திப்பில் ரயில் ஏறினால் பரங்கிப்பேட்டையில் இறங்கலாம். அங்கே இடம் கிடைத்தால் விடுதிச் செலவே மிச்சம்.

அப்போது பணம் போதவில்லை என்றால் கூச்சப்படாமல் கல்விக் கடன் வாங்குங்கள். 4 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது. படிப்புக் காலத்திலும் அதன்பின் ஒரு வருடமும் தவணை இல்லை, வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வட்டியை அவள் படிக்கும்போதே நீங்கள் கட்டிவந்தால் பல வங்கிகள் 1 சதவீதம் குறைக்கும். விண்ணப்பிக்கும்போதே அதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.